நான்காவது அழைப்பு

2000 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதியும் ஓகஸ்ட் 9 ஆம் திகதியும் கசகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து இரண்டிரண்டாக நான்கு விண்கலங்கள் அனுப்பப்பட்டன. அவற்றுக்கு ரும்பா, ஸல்ஸா, ஸம்பா, தாங்கோ என்று நடனங்களின் பெயர் வைக்கப்பட்டது.

எட்டு வருடம் கழித்து, ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் மெற்றில்டா அந்த நான்கு கலங்களின் அளவீடுகளை விரித்து வைத்திருந்தாள். பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் தற்காலிக விரிவுரையாளர். ஒரு வருடமாக எழுதிய ஆய்வுக் கட்டுரை சஞ்சிகையிலிருந்து திரும்பி வந்திருந்தது. மதிப்பிட்டவர் பெரிதாகக் குறை எதுவும் சொல்லவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் இரண்டு கிழமையாக அவளைத் தூங்க விடவில்லை.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேறிய துகள்களின் காற்றைப் பூமியின் காந்தப்புலம் ஓர் எல்லையில் மறித்து வைத்திருக்கிறது. பகல் பக்கத்தில் அந்த எல்லை ஏறத்தாழ அறுபதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கிடக்கிறது. காற்றோடு வரும் காந்தப்புலம் பூமியின் புலம் பார்க்கும் திசையையே பார்த்தால் எல்லை அடைத்தபடி இருக்கும். எதிர்த் திசையைப் பார்த்தால், இரு பக்கத்துக் கோடுகளும் ஓரிடத்தில் அறுந்து, உள்ளே இருந்தது வெளியே இருந்ததோடு முடிந்துகொள்ளும். காந்த மீளிணைப்பு என்பது இதுதான். முடிச்சு விழுந்த இடத்திலிருந்து துகள்கள் இரண்டு பக்கமும் பீறிடும். வாசல் திறந்து வெளிக்காற்று உள்ளே புகும்.

அந்த எல்லை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கரையில் அலை ஏறி இறங்குவதுபோல முன்னும் பின்னும் அசைகிறது. தனியாக ஒரு கலம் இருந்தால், எல்லை தன்னைத் தொட்டது என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்ன வேகத்தில் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு நான்கு வேண்டும். மூன்று ஒரு தளத்தில் நிற்க, நான்காவது அந்தத் தளத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். நான்கையும் எல்லை தொட்ட நேரங்கள் கிடைத்தால் திசையும் வேகமும் கணக்கில் வந்துவிடும்.

மதிப்பிட்டவரின் கேள்வி நான்காவதைப் பற்றியது. தாங்கோ குறித்திருக்கும் நேரம், எல்லை முதலில் கடந்து போனபோது தொட்ட நேரமா, திரும்பி வந்தபோது தொட்ட நேரமா? அந்த ஒன்று பிழையானால் திசை தலைகீழாகிவிடும். கட்டுரையில் மிச்சமிருக்கும் எதற்கும் பெறுமதி இல்லை.

"இன்னும் இந்த டான்ஸ் முடியேல்லையா?" கணவன் பேர்னாட் பிளேன்ரீக் கோப்பையைக் கொண்டுவந்து கடதாசிகளிலிருந்து தள்ளி வைத்தான். "டான்ஸுகளின்ர பேரா நாலு வச்ச வெள்ளைக்காரன் எங்கட பைலா எண்டு ஒண்டு வைக்கேல்லை பாரும். கொட்டாஞ்சேனை ஆக்களைக் கேட்டிருக்கலாம்."

"உங்களுக்குப் பகிடி. எனக்கு வேலை போகும்."

"போகட்டும். மன்னாருக்குப் போய்க் கருவாடு விப்பம்."

பேர்னாட் மன்னார்க்காரன். கோட்டையில் கப்பல் முகவர் நிலையமொன்றில் கணக்குப் பிரிவில் இருந்தான். மெற்றில்டா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து மூன்று வருடம். மெற்றில்டாவின் அடையாள அட்டையில் கொழும்பு விலாசம். அதைப் பார்க்கிற பொலிஸ்காரர் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேர்னாட்டின் அட்டையில் மன்னார் விலாசம். அதைப் பார்க்கிறவர்கள் இரண்டாம் தரமும் பார்ப்பார்கள். ஆனாலும் அட்டை என்று ஒன்று கையில் இருக்கும்வரை சமாளிக்கலாம்.

ஆறு மணி கழிந்து சற்று நேரத்தில் மெற்றில்டாவின் தாய் மேபல் கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தாள்.

"பிள்ளை, உன்ர மனுசன்ர ஐ.சி. அட்டை இங்க கிடக்கு. தோய்க்கப் போட எடுத்த சேட்டுப் பொக்கற்றுக்க."

முதல் நாள் மாலை இருவரும் அங்கே போயிருந்தார்கள். வழியில் மழையில் தெப்பமாக நனைந்ததால் பேர்னாட் ஈரச் சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, செத்துப்போன மாமனாரின் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வந்துவிட்டான். மழைக்கு ஒதுங்கி நின்ற சோதனைச் சாவடி ஆமிக்காரர்கள் கையைக் காட்டி ஓட்டோவைப் போகவிட்டார்கள். அப்போது அது அதிர்ஷ்டமாகப் பட்டது.

"தங்கச்சி செலீன் கொண்டு வாறாள்" என்றாள் மேபல். "கோட்டையில ட்ரெயின் எடுத்து வருவாள். அதுவரைக்கும் அந்தாளை வெளியில விட்டிராதை."

போனை வைத்ததும் பேர்னாட் சேட்டுப் பொக்கற்றைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவினான்.

"காணாமல் போகேல்லையே. மாமியிட்டத்தானே இருக்கு" என்றான்.

"ஓம்" என்றாள் மெற்றில்டா. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, யன்னல் சீலையை விலக்கி ஒழுங்கையைப் பார்த்தாள். கீழே பால்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கடற்பக்கம் வெளித்திருந்தது.

வெள்ளவத்தையில் யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஒரு பழக்கம் இருந்தது. ஆமியும் பொலிஸும் வீடுவீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு எந்த ஒழுங்கைக்குள் வருகிறதோ, அங்கே இருப்பவர்கள் தெரிந்தவர்களின் போனுக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிடுவார்கள். பேச்சு இல்லை, காசு இல்லை, ஆரும் ஒட்டுக்கேட்டாலும் அதில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வந்த ஒற்றை ரிங்குக்கு ஒருவரும் திருப்பி எடுப்பதில்லை. பொலிஸ் உள்ளே நிற்கும்போது போன் அடித்தால், இவ்வளவு காலையில் யார், ஏன் என்று அதற்குத் தனி விசாரணை நடக்கும். இந்த ஏற்பாட்டை யாரும் கூடிப் பேசி உண்டாக்கவில்லை. 2006 இல் தொடங்கி ஆளுக்காள் பார்த்துப் பழகிக்கொண்டது.

மெற்றில்டாவுக்கு அப்படி நான்கு பேர் இருந்தார்கள். வடக்கே ஸ்டேஷனுக்குப் போகும் வீதியில் மூன்று பேர்: காலி வீதி மூலையில் கடை வைத்திருக்கும் ஹமீட், நடுவில் தையல் வேலை செய்யும் நேசம் அக்கா, கீழே தண்டவாளத்துப் பக்கம் கணிதம் படிப்பிக்கும் சவுந்தரநாயகம் மாஸ்டர். நான்காவது நளீபா ராத்தா. அவள் வீடு அந்த வீதிக்கும் மெற்றில்டாவின் ஒழுங்கைக்கும் நடுவில் இன்னொரு ஒழுங்கையில், ஆறு மாடிக் கட்டிடத்தில்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முந்தி போன் ஒருதரம் கிணுகிணுத்து நின்றது. ஹமீட். மெற்றில்டா பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தாள். இரண்டு நிமிடத்தில் மாஸ்டர். அவருக்குப் பின்னால் நேசம் அக்கா.

பேர்னாட் அவள் முகத்தைப் பார்த்தான். "எங்க?"

"ஸ்டேஷன் றோட்டு. மேலயும் கீழயும் ஒரே நேரத்தில உள்ளிட்டிருக்கிறாங்கள்."

"தூரத்திலதானே."

"எந்தப் பக்கம் போறாங்கள் எண்டு தெரியேல்லை."

தெரியத்தான் இல்லை. மூன்று அழைப்பும் ஒரே வீதியிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே அவர்கள் பரவி நிற்கிறார்கள் என்று அவை சொல்லின. வடக்கே போகிறார்களா, தெற்கே இறங்குகிறார்களா என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நளீபா ராத்தாவின் போன் மட்டும்தான். மெற்றில்டா போனை மேசை நடுவில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செலீனுக்கு எடுத்துப் பார்த்தாள், பதில் இல்லை. பஸ்ஸிலோ ட்ரெயினிலோ போனில் தமிழ் கதைப்பதில்லை என்று செலீன் எப்போதோ முடிவெடுத்திருந்தாள்.

பேர்னாட் முகம் கழுவி, தலை இழுத்து, கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டையும் கலியாணச் சான்றிதழையும் எடுத்து வைத்தான்.

"வந்தால் இதைக் காட்டுவம். ஐ.சி. வந்துகொண்டிருக்கு எண்டு சொல்லுவம். மனுசர்தானே அவங்களும்."

"கீழ் வீட்டுப் பொடியனும் இப்பிடித்தானே துண்டைக் காட்டினவன்."

அந்தப் பொடியனைக் கொண்டுபோய் இரண்டு மாதமாகியிருந்தது. தாய் இப்போதும் பகலில் கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

ஏழரை மணி அளவில் நான்காவது அழைப்பு வந்தது. ஒரே ரிங். நளீபா ராத்தா.

மெற்றில்டாவுக்குக் கடதாசி தேவைப்படவில்லை. ஸ்டேஷன் வீதியிலிருந்து நளீபாவின் ஒழுங்கைக்கு வர அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. நளீபாவிடமிருந்து இங்கே அதே தூரம். தெற்கே வருகிறார்கள். எட்டு மணி போல இந்தப் படியில் நிற்பார்கள். செலீன் அதற்குள் வந்து சேரமாட்டாள். வந்தாலும் சுற்றிவளைத்த இடத்துக்குள் விடமாட்டார்கள்.

"வெளிக்கிடுங்கோ" என்றாள்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. அவங்கள் அந்தப் பக்கம் முடிச்சிட்டு இஞ்சால வாறாங்கள். நீங்கள் தண்டவாளத்தால நடந்து பின்பக்கமாப் போங்கோ. செலீன் ட்ரெயினால இறங்குவாள். ஐ.சி.யை வாங்கிக் கையில வச்சுக்கொண்டு வாங்கோ."

பேர்னாட் அவளைப் பார்த்துச் சிரித்தான். "நாலு மிஸ்ட் கோலில ஆமியையே அளந்திட்டீரா? சவுந்தரநாயகம் மாஸ்டர் ஸல்ஸா எண்டால் நளீபா ராத்தாதான் தாங்கோ."

"பகிடி விடாதேங்கோ."

"இல்லை, மெற்றி. எனக்கு வீட்டில இருக்கத்தான் மனம் சொல்லுது. றோட்டில ஐ.சி. இல்லாமல் நிக்கிறவனை விட வீட்டில நிக்கிறவன் நல்லவன்தானே."

"அவங்கள் வரப்போறது வீட்டுக்கு. றோட்டுக்கு இல்லை."

அவள் குரல் உயர்ந்துவிட்டது. பேர்னாட் அதற்கு மேல் வாதாடவில்லை. கணக்கில் அவளை மிஞ்ச முடியாது என்பது அவன் எப்போதும் ஒப்புக்கொள்கிற விஷயம். செருப்பை மாட்டிக்கொண்டு, மாமனாரின் தொளதொளத்த சேட்டோடு படியிறங்கினான். யன்னலால் பார்த்தாள். ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தில் ஏறி, கடலை ஒருதரம் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினான். காலையில் கடற்கரைக்குப் போகிறவன்போலத்தான் இருந்தான்.

பிறகு காத்திருத்தல். எட்டு மணியானது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. வாசற்கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். மேல் வீட்டில் வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடதாசிகளை ஏன் மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன் என்று நினைத்து அடுக்கத் தொடங்கினாள். கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு நிறக் கோடுகள், நேரங்கள், அம்புக்குறிகள், ஆள்கூறுகள். இதை ஒரு பொலிஸ்காரருக்கு எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? எல்லாவற்றையும் மடித்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள். பிறகு, மறைத்து வைத்தது அகப்பட்டால் இன்னும் மோசம் என்று எடுத்து மறுபடியும் மேசையிலேயே வைத்தாள்.

எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தாள்.

செலீன் நின்றாள். தோளில் பை, ஒரு கையில் பாண். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஞாயிறு எண்டு ட்ரெயினைக் காணேல்லை, அக்கா. மொறட்டுவை பஸ்ஸில ஏறி வந்திட்டன். இறங்கி நேரா நடந்து வாறன், ஒருத்தரும் மறிக்கேல்லை." பையைத் திறந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தா, அத்தான்ர பொக்கிசம். ஆள் எங்க? நித்திரையா?"

மெற்றில்டா பேர்னாட்டின் போனுக்கு எடுத்தாள். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தபோது அது நிற்பாட்டப்பட்டிருந்தது.

"ஒருத்தரும் மறிக்கேல்லையா? நளீபா ராத்தான்ர ஒழுங்கையில ஆமி இல்லையா?"

"ஒரு காக்காவும் இல்லை. ஸ்டேஷன் றோட்டுக்கு அங்கால்தான் ட்ரக் நிக்குது. பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தனான். ஏன் அக்கா? என்ன?"

பழக்கத்தை மீறி மெற்றில்டா நளீபாவுக்கு அழைத்தாள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"மெற்றில்டாவா? ஒண்டும் பயமில்ல புள்ள, அவங்க போய்ட்டாங்க. அதுக்குத்தானே ரிங் தந்த."

"எப்ப வந்தவங்கள் ராத்தா?"

"சுபஹ் தொழுது முடிய மொதல்லயே வந்த. எங்கட பில்டிங்லதான் தொடங்கின. ஆறு மாடியும் பாத்து முடிய எவ்வளவு நேரம்! கொஞ்சப் பேர் அங்கால ஸ்டேஷன் பக்கம் போன, மிச்சம் பேர் இங்கினயே நிண்ட. உள்ளுக்கு வந்த ஒடனே எல்லாரட போனையும் மேசைல வெக்கச் சொல்ற. போன தரமும் அப்பிடித்தான். அதுதான் நான் அவங்க போனாப் பொறகு ரிங் தார. மத்தவங்க எப்பிடித் தாறாங்கண்டு எனக்குத் தெரியா. ஏன் புள்ள? பேர்னாட் எங்க?"

மெற்றில்டா போனைக் காதிலிருந்து எடுத்தாள். மற்ற மூவரும் வரவைச் சொல்லியிருந்தார்கள். நளீபா போனதைச் சொல்லியிருந்தாள். சுற்றிவளைப்பு நளீபாவின் கட்டிடத்தில் தொடங்கி வடக்கே போயிருக்கிறது. இந்த ஒழுங்கைக்கு அது வரவே இல்லை.

செலீன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் சவுந்தரநாயகம் மாஸ்டர் எடுத்தார். ரிங் கொடுத்து வெட்டவில்லை, பேசினார்.

"பிள்ளை, பதறாதேயும். உம்மட மனுசனை ஸ்டேஷன் வாசலில வச்சு ட்ரக்கில ஏத்தினவங்கள். பல்கனியால பாத்தனான். அடிக்கேல்லை. தண்டவாளத்தால வந்தவர், நேரா அவங்களின்ர முகத்துக்குத்தான் ஏறினவர். ஏன் பிள்ளை அந்தாள் அந்த நேரம் அந்தப் பக்கம் வந்தவர்?"

அட்டையை எடுத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். சாவடிப் பொலிஸ்காரன் அட்டையை வாங்கி, பின்பக்கமும் முன்பக்கமும் பார்த்து, உள்ளே கொண்டுபோனான். வெகுநேரம் கழித்து மெற்றில்டாவை மட்டும் கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். நாற்காலியும் கொடுத்தார். அவருக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. வீதி இருக்க, அந்தக் காலை வேளையில், அடையாள அட்டை இல்லாத ஒருவர் ஏன் தண்டவாளத்தால் நடந்து வருகிறார்?

மெற்றில்டா வாயைத் திறந்தாள். நான்கு அழைப்புகள் என்று தொடங்கினால் நான்கு வீடுகளின் பெயர் சொல்ல வேண்டும். நளீபாவின் வீட்டுப் போன் இன்னொரு தரம் மேசைக்குப் போகும். நேசம் அக்காவுக்கு இரண்டு மகன்மார்.

"காலையில கடற்கரையால நடக்கப் போறவர்" என்றாள் ஆங்கிலத்தில். "டொக்டர் சொன்னவர்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, தனக்கு முன்னால் இருந்த இன்னொரு தாளைப் பார்த்தார்.

"அவர் வேறு மாதிரிச் சொல்கிறார். மைத்துனியை ட்ரெயினில் சந்திக்க வந்ததாக." பேனையை மூடினார். "நீங்கள் இருவரும் படித்தவர்கள், மிஸிஸ். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்."

வெளியே வந்தபோது சாவடியில் நின்றவன் சொன்னான்: "ஹெட்ட என்ட, மிஸ்." நாளைக்கு வரச் சொன்னான். மறுநாளும் அதையே சொன்னான்.

செலீன் அந்தக் கிழமை முழுக்க அக்காவோடு தங்கினாள். பகலில் வழக்கறிஞர், மாதா கோவில் சுவாமி, மனித உரிமை அலுவலகம் என்று அலைந்தார்கள். பேர்னாட்டின் அலுவலகம் கடிதம் கொடுத்தது. நளீபா சோறு கொடுத்தனுப்பினாள், தான் வரவில்லை. ஒருநாள் வீதியில் சந்தித்தபோது, "நான் சொல்லி வெச்சிருக்கணும் புள்ள" என்றாள். "நான் கேட்டிருக்க வேணும் ராத்தா" என்றாள் மெற்றில்டா.

மாத முடிவில், பதிலனுப்பும் திகதி வருவதற்கு முதல் நாள், அவள் மேசையிலிருந்த கடதாசிகளை எடுத்தாள். எல்லைக்கு வெளியே துகள்கள் நெருக்கமாக இருக்கும். உள்ளே ஐதாக இருக்கும். தாங்கோ அந்தக் கணத்துக்கு முன் எதில் நின்றது, பின் எதில் நின்றது என்று துகள் அடர்த்தியை வைத்து மறுபடியும் பார்த்தாள். நேரம் சரி. மற்ற மூன்றும் பதிந்த அதே கடப்புத்தான். திரும்பி வந்தது அல்ல. அதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினாள். கட்டுரை மறு வருடம் பிரசுரமானது.

பேர்னாட்டும் மெற்றில்டாவும் கொடுத்த வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதால் அவன் மேலதிக விசாரணைக்காக இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டான். நவம்பர் மூன்றாம் கிழமையில் குற்றச்சாட்டு எதுவும் இன்றி விடுவிக்கப்பட்டான். அடையாள அட்டை அவனிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.